கேள்வி – பதில்: படிக்கும் மூளை, கேட்கும் மூளை

காவிரிப் படுகை வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் வாசிப்பு, பேச்சு, கேட்டல் தொடர்பானவற்றை இந்த இதழுக்குச் சேர்த்திருக்கிறோம். பேச்சு–மொழிப் பயிற்சியாளர் ஒருவரும், தொடக்க வகுப்புகளுக்கு வாசிப்புப் பயிற்சி தருபவர் ஒருவரும் பதில் எழுதியிருக்கிறார்கள்.

கும்பகோணத்தில் மினி ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறோம். கல்யாணப் பத்திரிகை ப்ரூஃபை மூன்று பேர் பார்க்கிறோம். கல்யாண வீட்டுக்காரர்களும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். அப்படியும் ஆயிரம் பிரதி அடித்து முடித்த பிறகுதான் பிழை கண்ணில் படுகிறது. என்ன செய்வது?

மூன்று பேரும் "படிக்கிறீர்கள்". அதுதான் கோளாறு.

படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் சுமார் 200 முதல் 250 மில்லி நொடி நிற்கும். பிறகு ஒரு தாவல். நின்ற இடத்திலும் தெளிவாகத் தெரியும் பரப்பு மிகச் சிறியது. கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் தெரியும் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். சுற்றியுள்ள மங்கலை, ஏற்கெனவே பழகிய சொல் வடிவங்களை வைத்து மூளை நிரப்பிக்கொள்கிறது. அடுத்து வருவது தெரிந்த சொல் என்றால் கண் அங்கே நிற்பதே இல்லை. ஆங்கில வாசிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு சொல்லைக் கண் இப்படித் தாண்டிவிடுகிறது.

இந்த ஊகத்துக்குக் கல்யாணப் பத்திரிகையைவிட வசதியான இடம் கிடையாது. "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கினாலே "சுற்றமும் நட்பும் சூழ" வரைக்கும் மூளை தானாக ஓட்டிவிடும். அச்சில் "நடப்பும்" என்று இருந்தாலும் உங்களுக்கு "நட்பும்" என்றே கேட்கும். எனவே படிப்பதை விட்டுவிட்டு ஒப்பிடுங்கள். ஒருவர் கையெழுத்து மேட்டரைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; மற்றவர் ப்ரூஃபில் வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். டைப் செய்தவர் சொல்பவராக இருக்கலாம், பார்ப்பவராக இருக்கக் கூடாது. இனிஷியல், புள்ளி, அடைப்புக்குறி உள்பட எல்லாம் வாயில் வர வேண்டும்.

அதன் பிறகு பெயர்களுக்கென்று தனியாக ஒரு சுற்று. ல–ள–ழ, ண–ன, ர–ற மட்டும் பாருங்கள். வீட்டுக்காரர் எப்படி எழுதுகிறாரோ அதுவே சரி. இலக்கணம் இங்கே செல்லாது. அடுத்த சுற்று எண்களுக்கு. செல் எண்ணைக் கடைசியிலிருந்து இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்லிப் பாருங்கள், 10 இலக்கம் இருக்கிறதா என்றும் எண்ணுங்கள். ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, நட்சத்திரம், திதி ஆகிய ஐந்தில் ஒன்று பிசகினால் மற்ற நான்கும் காட்டிக்கொடுக்கும், ஆனால் பஞ்சாங்கத்தையோ தினசரி காலண்டர் தாளையோ பக்கத்தில் வைத்தால்தான். போன வருடத்துக் கோப்பைத் திறந்து அதன் மேலேயே திருத்தும் வழக்கம் இருந்தால், தமிழ் வருடப் பெயர் பழையதாகவே நின்றுவிடும். இதுதான் அதிகம் நடக்கும் விபத்து. கடைசியாக ஒருமுறை முழுவதையும் படிக்கலாம், கீழ் வரியிலிருந்து மேலே. வாக்கியம் உடைந்துவிடுவதால் ஊகத்துக்கு வேலை இருக்காது.

பிழை தங்கும் இடங்கள் மூன்றைச் சொல்லிவைக்கிறோம். ஒன்று, மேலே பெரிதாக இருக்கும் தலைப்பு. அதை எல்லோரும் பார்ப்பதோடு சரி. இரண்டு, வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடம். "அவர்களின் / அவர்களின்" என்று இரட்டித்து நிற்கும். மூன்று, நீங்கள் ஏற்கெனவே ஒரு பிழையைப் பிடித்த வரி. பிடித்த திருப்தியில் அடுத்த பிழையைத் தாண்டிவிடுவோம்.

கணினிக்கே உரிய வம்பு ஒன்றும் உண்டு. "கௌரி" என்பதை "கெ"வும் "ள"வும் சேர்த்து அடித்தால் தாளில் வித்தியாசமே தெரியாது, ஆனால் கோப்பில் தேடினால் பெயர் அகப்படாது. அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். "க" மிஞ்சினால் சரி, "கெ" மிஞ்சினால் தவறு. பழைய எழுத்துருவில் அடித்த மேட்டரை யூனிகோடுக்கு மாற்றும்போது "ர்" வர வேண்டிய இடத்தில் துணைக்காலின் மேல் புள்ளி வைத்த உருவம் வந்து உட்காருவதும் இதே வகை. "அவர்" என்று மேட்டர் முழுக்கத் தேடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற "அவர்"களில் எது அகப்படவில்லையோ அதுதான் போலி.

எழுத்துகள் இடம் மாறியிருந்தாலும் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சரியாக இருந்தால் படித்துவிடலாம், இது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆராய்ச்சி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, உண்மையா? (மன்னார்குடி)

கேம்பிரிட்ஜில் அப்படி ஓர் ஆராய்ச்சி நடக்கவில்லை. 2003இல் மின்னஞ்சலில் கிளம்பிய சரக்கு அது. எழுத்து இடமாற்றம் பற்றி நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 1976இல் கிரஹாம் ராலின்சன் ஒரு முனைவர் பட்ட ஆய்வு செய்தார். அதன் நிழல் இதில் இருக்கலாம்.

பாதி உண்மை. "மயிடுலாதுறை பஸ் எப்ப வரும்?" என்று எழுதினால் நம் ஊர்க்காரர் யாரும் தடுமாற மாட்டார்கள். நீண்ட சொல், பழகிய பெயர், முன்பின் தொடர்பு எல்லாம் கைகொடுக்கின்றன. ஆனால் "நகரம்" என்ற சொல்லில் நடு எழுத்து இரண்டை மாற்றினால் "நரகம்" வந்துவிடும்! முதலும் கடைசியும் அப்படியேதான் இருக்கின்றன. தமிழில் சொல்லின் கடைசித் துண்டு யார், எங்கே, எப்போது என்பதையெல்லாம் சுமக்கிறது. "வந்தான்", "வந்தாள்" இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்துதான். மூன்று மெய் கொண்ட வேர்களால் ஆன எபிரேய மொழியில் எழுத்தை மாற்றிப் போட்டால் அம்மொழிக்காரர்கள் நன்றாகவே தடுமாறுகிறார்கள் என்று சோதனையில் தெரிந்திருக்கிறது. சுற்றிவரும் அந்த ஆங்கிலப் பத்தியையும் கவனியுங்கள். சின்னச் சொற்கள் எதுவும் மாறியிருக்காது. மாறிய சொற்களிலும் பெரும்பாலும் பக்கத்து எழுத்துகள்தான் இடம் மாறியிருக்கும்.

மகள் மூன்றாம் வகுப்பு. பாடப் புத்தகத்தில் படத்தைப் பார்த்து "யானை நடந்து வருகிறது" என்று சரளமாகச் சொல்கிறாள். அதே வரியைத் துண்டுத் தாளில் எழுதிக் காட்டினால் முழிக்கிறாள். கேட்டதை எல்லாம் வாயால் நன்றாகச் சொல்வாள். டிஸ்லெக்சியாவா? (நீடாமங்கலம்)

டிஸ்லெக்சியா, அதாவது படிப்பதில் வரும் கற்றல் குறைபாடு, என்ற முடிவுக்கு உடனே வர வேண்டாம். பாடத்தை அவள் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள். எழுத்திலிருந்து ஒலிக்குப் போகும் பாதை இன்னும் விழவில்லை.

பேச்சு மனிதருக்கு இயல்பாக வந்துவிடும், எழுத்து வராது. இடது மூளையின் அடிப்பக்கத்தில், பின்புறமாக, முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பரப்பின் ஒரு பகுதி, படிக்கக் கற்ற பிறகுதான் எழுத்துக்கென்று பழகுகிறது. லோரான் கோஹனும் ஸ்தானிஸ்லாஸ் தெஹானும் 2000இல் இதை மூளைப் படங்களில் காட்டினார்கள். பொருள்களை அடையாளம் காணும் மூளைக்கு இடப்பக்கம் திரும்பிய பசுவும் வலப்பக்கம் திரும்பிய பசுவும் ஒரே பசுதான். எழுத்தில் அந்தச் சலுகை கிடையாது. அதனால் ஏழு வயது வரை எழுத்தைத் திருப்பிப் போடுவது எல்லாக் குழந்தைகளும் செய்வது.

முதலில் கண்ணையும் காதையும் காட்டிவிடுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக் கேட்பது மந்தமாவது சகஜம். அது வகுப்பில் "கவனக்குறைவு" என்று பெயர் வாங்கும்.

பிறகு தினமும் 20 நிமிடம், ஐந்து மாதத்துக்கு. முதல் 5 நிமிடம் புத்தகமே வேண்டாம், காது விளையாட்டு மட்டும். "படகு – இதில் முதல் ஓசை என்ன?", "மரம் என்பதில் 'ம'வை எடுத்தால் மிச்சம் என்ன?" இது எளிதில் வந்துவிடும். அடுத்த படிதான் சிரமம்: "கா" என்பதற்குள் "க்"கும் "ஆ"வும் இருக்கின்றன என்று காதால் பிரிப்பது. தமிழ்ப் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். இது வராமல் உயிர்மெய் வரிசையை எத்தனை தடவை எழுதவைத்தாலும் அது கைக்குத்தான் பயிற்சி.

அடுத்த 5 நிமிடம் எழுத்து. 247 எழுத்தைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. அதற்குள் இருக்கும் ஒழுங்கைக் காட்டுங்கள். துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு ஆகியவை எந்த மெய்யோடு சேர்ந்தாலும் உருவம் மாறாது. இகர, ஈகார வரிசையில் "டி, டீ" தவிர மற்றவை ஓர் ஒழுங்கில் வரும். உகர, ஊகார வரிசைதான் அடம்பிடிக்கும்: கு, சு, டு, மு, ரு, ழு என்று ஆளுக்கொரு வடிவம். அவற்றைத் தனித்தனியாகப் பழக்க வேண்டும், நாளுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். இன்னொரு குழி: கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஓசையோ பின்னால் வருகிறது. "கொ"வில் கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், ஓசை ஒன்று. கொம்பு, க, கால் மூன்றையும் மூன்று அட்டையில் எழுதி ஒட்டியும் பிரித்தும் காட்டினால் ஒரு வாரத்தில் பிடிபடும்.

மிச்சம் 10 நிமிடம் வாசிப்பு, படமில்லாமல். அதுவரை கற்ற எழுத்துகளால் மட்டும் ஆன சொற்களையே கொடுங்கள். நடுவில் "டாமப", "பமாடு" போலப் பொருளில்லாத சொல் இரண்டைச் செருகுங்கள். உண்மையில் படிக்கிறாளா ஊகிக்கிறாளா என்பதை இதைவிட நேராகக் காட்டும் சோதனை கிடையாது. தடுமாறினால் 5 நொடி பொறுங்கள். "படத்தைப் பார்த்துச் சொல்லு" என்று மட்டும் சொல்லாதீர்கள். விட வேண்டிய பழக்கமே அதுதான். எழுத்துகள் ஓரளவு கைவந்ததும் 40 சொல் கொண்ட ஒரு பத்தியை மூன்று முறை படிக்கச் சொல்லி, எத்தனை நொடி, எத்தனை தவறு என்று குறித்துவையுங்கள்.

ஏட்டுத் தமிழ் அவள் வீட்டில் கேட்காத தமிழ் என்பதும் நினைவிருக்கட்டும். "வந்துகிட்டு இருக்காங்க" என்று பேசும் பிள்ளைக்கு "வந்துகொண்டிருக்கிறார்கள்" ஒரு நீண்ட புது உருவம். "வந்து / கொண்டு / இருக்கிறார்கள்" என்று பென்சிலால் கோடு போட்டுப் பிரித்துக் காட்டுங்கள். "–கிறார்கள்", "–இலிருந்து", "–உடைய" போன்ற வால்களைத் தனி அட்டைகளாகப் பழக்கினால் நீண்ட சொற்கள் பயமுறுத்தாது.

இப்படி ஒழுங்காகச் செய்தும் நேற்றுப் படித்த எழுத்து இன்று நழுவுகிறது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறாள், குடும்பத்திலும் யாருக்காவது இந்தச் சிரமம் இருந்தது என்றால் மதிப்பீட்டுக்குப் போங்கள். எட்டு வயதுக்கு மேல்தான் முடிவு தெளிவாக இருக்கும். பள்ளி வழியாக வட்டார வள மைய சிறப்பாசிரியரை முதலில் அணுகலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரும் கேட்டுப் பெறலாம். வல்லாரை லேகியத்தால் எழுத்துத் தெரியாது. வண்ணக் கண்ணாடியாலும் தெரியாது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் சொல்லுக்குச் சொல் இடைவெளியே இல்லை, புள்ளியும் இல்லை. சுவடிகளும் அப்படித்தான் என்கிறார்கள். எப்படித்தான் படித்தார்கள்? (திருவையாறு)

கூடுதலாகக் கேளுங்கள்: எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம். மெய்க்கும் குறில் எ, ஒ இரண்டுக்கும் புள்ளி வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும் எழுதுவோர் பெரும்பாலும் இடவில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். ஆகவே ஓலையில் ஒரு கொம்பு, க, ஒரு கால், டு என்று இருந்தால் அது கொடு, கோடு, கெரடு, கேரடு நான்கில் எதுவாகவும் இருக்கலாம். கடைசி இரண்டும் சொல்லே அல்ல என்று மொழி தெரிந்த மூளை கண்ணிமைக்கும் நேரத்தில் தள்ளிவிடும். மிச்சம் இரண்டு.

செய்யுள் என்றால் இங்கே யாப்பு வந்து நிற்கும். எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றிவந்தால் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். மற்ற மூன்று அடிகளும் "விடு", "படு", "நெடு" என்று குறிலில் தொடங்கினால் இதுவும் "கொடு"தான், "கோடு" அல்ல. ஆக, எதுகை என்பது காதுக்கு இனிமை மட்டுமல்ல, ஏடு படிப்பவருக்குப் பிழை திருத்தும் கருவியும்கூட. கும்பகோணம் கல்லூரியில் 1880 முதல் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டுத்தான் பாடத்தைத் தீர்மானித்தார். ஒரு சுவடியில் மயங்கும் இடம் இன்னொன்றில் தெளியும்.

கல்வெட்டுக்குத் துணை, வாய்பாடு. "ஸ்வஸ்தி ஸ்ரீ" என்று தொடங்கும், அரசனின் புகழைப் பாடும் மெய்க்கீர்த்தி வரும், அரசனின் பெயரும் "யாண்டு" என்று ஆட்சியாண்டும் வரும், கொடையின் விவரம் வரும், "சந்திராதித்தவற்" என்று சூரிய சந்திரர் உள்ளவரை நிலைக்கச் சொல்லும். இந்த வரிசை மனத்தில் இருந்தால் சிதைந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஊர்ப்பெயர், ஆள்பெயர், நில அளவு என்று வாய்பாட்டுக்கு வெளியே இருப்பவற்றில்தான் கல்வெட்டுப் படிப்பவர்கள் இன்றைக்கும் மாறுபடுகிறார்கள்.

அப்பாவுக்கு 72 வயது. "சத்தம் கேட்குது, நீ சொல்றதுதான் புரியலை" என்கிறார். கத்திச் சொன்னால் கோபம் வருகிறது. டிவி ஒலியோ தெரு வரைக்கும் கேட்கிறது. (மயிலாடுதுறை)

அவர் சொல்வது அப்படியே உண்மை. முதுமையில் முதலில் குறைவது உச்ச அதிர்வெண்களைக் கேட்கும் திறன். உயிரோசைகளுக்கு வலு அதிகம், அதிர்வெண் குறைவு, அவை கேட்கும். ச, த, ப, க போன்ற வல்லின ஓசைகள் மெல்லியவை, நொடியில் நூற்றில் சில பங்கே நீடிப்பவை, அவை நழுவும். சொல்லை இன்ன சொல் என்று காட்டுவது அவைதான். நீங்கள் கத்தும்போது உயிரோசைதான் இன்னும் பெரிதாகிறது, மெய்யோசை அப்படியே இருக்கிறது. அவருக்குக் கிடைப்பது கூச்சல் மட்டும்.

விடுபட்டதை மூளை நிரப்பும் என்பதை ரிச்சர்ட் வாரன் 1970இல் காட்டினார். பதிவு செய்த வாக்கியத்தில் ஓர் ஓசையை வெட்டி எடுத்து அங்கே இருமலை வைத்தார். கேட்டவர்களுக்கு முழுச் சொல்லும் கேட்டது, எது விடுபட்டது என்று சொல்லத் தெரியவில்லை. அப்பாவின் மூளையும் நாள் முழுக்க இதைத்தான் செய்கிறது. அதற்குத் தேவை முன்தகவல். எனவே முதலில் தலைப்பைச் சொல்லுங்கள். "அப்பா, ஆத்துத் தண்ணி விஷயம்" என்று ஆரம்பித்து ஒரு நொடி நிறுத்திவிட்டு, "கல்லணை திறந்தாச்சாம்" என்று சொன்னால் பாதி ஓசையே போதும். மொட்டையாக "திறந்தாச்சாம்" என்றால் கதவா, கடையா, பள்ளிக்கூடமா என்று அவர் திண்டாடுவார்.

ஒன்றரை மீட்டருக்குள் நின்று, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி பேசுங்கள். கண்ணும் கேட்கிறது; மெக்கர்க், மெக்டொனால்டு இருவரும் 1976இல் "ப" ஒலியை "க" சொல்லும் உதட்டோடு சேர்த்துக் காட்டியபோது பலருக்கு "ட" என்று கேட்டது. உதட்டுக்கும் எல்லை உண்டு: "பாட்டு", "மாட்டு" இரண்டும் உதட்டில் ஒன்றுதான். இரண்டு முறை சொல்லியும் பிடிபடாத சொல்லை மூன்றாம் முறை சொல்லாதீர்கள், வேறு சொல்லில் சொல்லுங்கள். "இருபது", "அறுபது" குழம்பினால் "ரெண்டு, பூஜ்யம்" என்று இலக்கமாக. மிக்ஸி, ஃபேன், டிவி ஓடும் அறையில் பேசுவது வீண்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குறும்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கேட்டல் பரிசோதனையோடு சொல் புரிதல் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். காது கேட்கும் கருவி மாட்டிய முதல் நாளே கல்யாண மண்டபத்துக்கு அழைத்துப் போய்விட்டு "பிரயோஜனம் இல்லை" என்று பெட்டியில் போட்டுவிடுபவர்கள் ஏராளம். வருடக்கணக்கில் கேட்காத ஓசைகளை மூளை மறுபடி பழக வேண்டும். முதல் வாரம் அமைதியான வீட்டில் ஒன்றிரண்டு மணி நேரம், பிறகு மெதுவாகக் கூட்டி, இரண்டு மாதம் வரை பொறுக்க வேண்டும். துத்தநாகக் காற்று பேட்டரி என்றால் ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றுப் பட விட்டுத்தான் போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கருவி அடைத்துக்கொள்ளும். இரவில் சிலிக்கா ஜெல் உள்ள டப்பாவில் வையுங்கள். ஒரு காது திடீரென்று ஓரிரு நாளில் கேட்காமல் போனால் அது வேறு விஷயம், அவசர சிகிச்சைக்கு உரியது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பக்கவாதத்துக்குப் பிறகு பெரியப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. "ம்… த… த…" என்று திணறுகிறார். ஆனால் தேவாரம் போட்டால் கூடவே சொல் பிசகாமல் பாடுகிறார். சொந்தக்காரர்கள் "வேணும்னே பேச மாட்டேங்கிறார்" என்கிறார்கள். (திருவாரூர்)

நடிப்பு இல்லை. பாரிஸில் பால் ப்ரோக்கா 1861இல் விவரித்த நோயாளியின் வாயில் வந்தது "தான்" (tan) என்ற ஒரே அசைதான். சொல்வது ஓரளவு புரியும். இறந்த பிறகு பார்த்ததில் இடது மூளையின் முன்பகுதியில் சேதம் இருந்தது. புதிதாக ஒரு வாக்கியத்தை அடுக்கிச் சொல்வது அந்தப் பக்கத்து வேலை. பலமுறை பாடிப் பழகிய பதிகம், ஒன்று முதல் பத்து, கிழமைகள், கோபத்தில் வரும் வசவு இவையெல்லாம் ஒரே தொடராகப் பதிந்தவை. வலது மூளையும் அவற்றில் பங்கெடுப்பதால் தப்பித்துவிடுகின்றன.

இதை வைத்தே 1973இல் அமெரிக்காவில் ஒரு பயிற்சி முறை உருவானது; பேசும் தொடரை ராகமாக இழுத்துச் சொல்லவைப்பது. அன்றாடம் தேவைப்படும் எட்டுப் பத்துத் தொடர்களைத் தேர்ந்தெடுங்கள்: "தண்ணி வேணும்", "கால் வலிக்குது", "ஃபேன் போடு". மேல் ஒன்று, கீழ் ஒன்று என இரண்டே சுருதி. அவர் இடது கையைப் பிடித்து ஒவ்வோர் அசைக்கும் ஒரு தட்டு. முதலில் நீங்கள் முனகுவீர்கள். பிறகு சேர்ந்து சொல்வீர்கள். பிறகு பாதியில் நீங்கள் நிறுத்த அவர் முடிப்பார். பிறகு அவரே தனியாக. கடைசியில் "என்ன வேணும்?" என்று கேட்டால் அந்தத் தொடரைப் பதிலாகச் சொல்ல வேண்டும். காலை 15 நிமிடம், மாலை 15 நிமிடம். பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் முதலில் பார்த்துத் தொடங்கிவைப்பது அவசியம். ஏனென்றால் சரளமாகப் பேசியும் பொருளில்லாமல் கொட்டுகிற, பிறர் பேச்சும் புரியாத இன்னொரு வகைக்கு (கார்ல் வெர்னிக்கே 1874இல் விவரித்தது) இது பொருந்தாது.

தேவாரத்தையே திரும்பத் திரும்பப் பாடவைத்தால் பேச்சு வந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். அது தேவாரத்தோடு நின்றுவிடும். திணறும்போது நீங்கள் வாக்கியத்தை முடித்துக் கொடுக்காதீர்கள், பத்து நொடி காத்திருங்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமினால் விழுங்குவதிலும் சிக்கல் இருக்கிறது என்று பொருள், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

பேரனுக்கு 9 மாதம். மொபைலில் ரைம்ஸ் போட்டுக் காட்டினால் சீக்கிரம் பேசுவானா? (நாகப்பட்டினம்)

மாட்டான். பேச்சில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்று கணக்குப் பார்த்துத்தான் குழந்தை சொல்லை வெட்டி எடுக்கிறது. எட்டு மாதக் குழந்தைகள் இரண்டே நிமிடம் கேட்டு இதைச் செய்வதை 1996இல் ஜென்னி சாஃப்ரானும் உடனிருந்தோரும் காட்டினார்கள். ஆனால் 2003இல் பாட்ரீசியா கூல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைப் பழக்கியபோது, ஆள் நேரில் பேசியதில் கற்றார்கள். அதே ஆளை வீடியோவில் காட்டியதில் கற்கவில்லை. மடியில் வைத்து, அவன் பார்க்கும் பொருளின் பெயரைச் சொல்லி, ராகமாகப் பேசுங்கள். பாட்டிகள் தெரியாமலா செய்கிறார்கள்! ஒரு வயது வரை மழலையே இல்லை, 18 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரு சொல் சேர்ந்து வரவில்லை என்றால் "எங்க பரம்பரையே லேட்டாத்தான் பேசும்" என்று இருந்துவிடாமல் காதைப் பரிசோதியுங்கள்.

இந்தித் தேர்வு எழுதும் மகனுக்கு நான்கு வகைக் ககரமும் (क, ख, ग, घ) ஒரே மாதிரி கேட்கிறதாம். காதில் கோளாறா? (பட்டுக்கோட்டை)

காது சரியாகத்தான் இருக்கிறது. "பக்கம்", "தங்கம்", "அகம்" மூன்றையும் சொல்லிப் பாருங்கள். ககரம் மூன்று விதமாக ஒலிக்கும். எந்த இடத்தில் எந்த ஓசை என்பதைத் தமிழில் பக்கத்து எழுத்தே தீர்மானிப்பதால் வித்தியாசத்தைக் கவனிக்கத் தேவையில்லை என்று மூளை பழகிவிட்டது. தாய்மொழிக்கு வேண்டாத வேறுபாடுகளைக் குழந்தை ஒரு வயதுக்குள் உதறத் தொடங்குவதை ஜானெட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் காட்டியபோது, அவர்கள் எடுத்த ஓசைகளில் இந்தி ஓசைகளும் இருந்தன. "பஸ்", "காந்தி" போன்று பிற மொழியிலிருந்து வந்த சொற்களில் மட்டும் இடத்தை வைத்து ஊகிக்க முடியாமல் சொல்லாகவே நினைவில் வைக்கிறோம்.

மீட்டுக்கொள்ளலாம். ஓர் ஓசை மட்டும் மாறும் சொல் இணைகளை நான்கைந்து வெவ்வேறு குரல்களில் பதிவு செய்யுங்கள். ஒரே ஆசிரியரின் குரலில் பழகினால் அந்தக் குரல்தான் பழகும். ஜப்பானியருக்கு ஆங்கில ர, ல பழக்கிய 1991 சோதனையில் பல குரல்கள் இருந்ததே அதன் பலம். தினம் 15 நிமிடம்: கேட்டு, எது என்று சொல்லி, சரியா தவறா என்று அப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். மூச்சோடு வரும் ககரத்துக்கு வாய்க்கு நான்கு விரல் தள்ளி மெல்லிய தாளைப் பிடிக்கச் சொல்லுங்கள். தாள் ஆடினால் அது, ஆடாவிட்டால் மற்றது. மூச்சில்லாத இணையை (क, ग) முதலில் முடித்துவிட்டு மூச்சுள்ள இணைக்கு (ख, घ) போங்கள். முதல் வாரம் பாதிக்குப் பாதி தவறும், அப்போது நான்கையும் கலந்து கொடுத்தால் எல்லாம் குழம்பிவிடும்.